கன்டெய்னரில் சரக்கை அடுக்கக் கணினி எதற்கு?

மீஞ்சூருக்குக் கிழக்கே காமராஜர் துறைமுகத்தையும் காட்டுப்பள்ளித் துறைமுகத்தையும் நோக்கிச் செல்லும் கன்டெய்னர் லாரிகளைக் காண்போருக்கு, அவற்றுள் பெட்டிகளை அடுக்குவது கைப்பழக்கத்தால் வரும் எளிய காரியம் என்றே தோன்றக்கூடும்.

ஆனால், உட்புறம் ஏறத்தாழ 12 மீட்டர் நீளமும் 2.35 மீட்டர் அகலமும் 2.39 மீட்டர் உயரமும் உடைய நாற்பதடிக் கன்டெய்னரில், வெவ்வேறு அளவுள்ள 10 பெட்டிகளை ஏற்றும் வரிசைகள் மட்டுமே 36,28,800 ஆகும். ஒவ்வொன்றையும் 6 விதமாகத் திருப்பி வைக்கலாம் என்பதால், அத்தொகை மேலும் ஏறத்தாழ 6 கோடி மடங்கு பெருகும்.

அத்தனையையும் பரிசோதிப்பது கணினிக்கும் அசாத்தியமாதலால், மென்பொருள் பெரிய பெட்டிகளை முதலில் வைத்து, எஞ்சிய இடத்தைச் சிறு பகுதிகளாகப் பகுத்து, பொருந்துவனவற்றை அங்கே அமைத்து, பின்னர் சிலவற்றை இடம் மாற்றிப் பார்த்து, முந்தையதினும் சிறந்த ஏற்பாட்டையே கைக்கொண்டு முன்னேறுகிறது. பாரம் ஒருபுறம் சாயாமலும், கனமானவை கீழேயும், முதலில் இறக்க வேண்டியவை கதவருகிலும் இருக்குமாறும் அது கணக்கிடுகிறது.

அடுக்கும் முறையைப் போலவே எடையும் பாதுகாப்போடு தொடர்புடையது: சரிபார்த்த மொத்த எடையை அறிவிக்காமல், சரக்கு நிரம்பிய கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றலாகாது என்பது 2016 ஜூலை 1 முதல் சர்வதேச விதி. ஆகவே, திட்டமிட்ட அடுக்கு செலவைக் குறைப்பதோடு, சாலையிலும் கடலிலும் உழைப்போரின் உயிரையும் காக்கும் சாதனமாகும்.