ஊது, பிள்ளை, ஊது!

வயிற்றுக்குள் நடக்கும் கூத்தைக் கண்டுபிடிக்க ஊசியும் வேண்டாம், குழாயும் வேண்டாம். பையொன்றில் ஊதினால் போதும்! பால் தேத்தண்ணி குடித்த கையோடு வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் நோட்டன் பிரிட்ஜ்காரர் அத்தனை பேருக்கும் இதைச் சொல்லியே ஆகவேண்டும்.

பாலிலுள்ள சர்க்கரை லாக்டோஸ். அதை உடைக்கும் லாக்டேஸ் நொதியம் கைக்குழந்தையின் சிறுகுடலில் தாராளமாக இருக்கும். வளர வளர நம்மில் பலருக்குக் குறைந்துவிடும். இலங்கையரின் இந்தக் குறைபாட்டைப் பற்றிப் பேராசிரியர் பிரையன் செனவிரத்னவும் சகாக்களும் 1977இலேயே எழுதிவிட்டார்கள். உடையாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போனால் அங்குள்ள பற்றீரியாக்களுக்குத் திருவிழாதான்! நோட்டன் அணையில் தேங்கிய தண்ணீர் லக்ஷபான மின்நிலையத்துக்கு இறங்கி மின்சாரமாவதுபோல, இந்தச் சர்க்கரை கீழே இறங்கி ஐதரசனாகிறது. அது இரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாக மூச்சில் வந்துவிடுகிறது. நம் உடம்பின் கலங்கள் ஐதரசன் உண்டாக்குவதே இல்லை. என்ன அருமையான துப்பு!

இந்த ஊதல் சோதனைக்கு முதல் நாள் பருப்பு, கீரை கிடையாது. வெள்ளைச் சோறும் முட்டையும்தான். இரவு முழுக்கப் பட்டினி. காலையில் வாயைக் கொப்பளித்து முதல் ஊதல். அடுத்து லாக்டோஸ் கரைத்த தண்ணீர்: பெரியவருக்குப் பெரும்பாலும் 25 கிராம், அதாவது அரை லீட்டர் பாலில் இருப்பது, பிள்ளைக்கு நிறையின் ஒரு கிலோவுக்கு 1 கிராம், 25க்கு மேல் போகாமல். பிறகு அரை மணிக்கொரு தடவை, மூன்று மணித்தியாலம் வரை ஊதல். ஓடக்கூடாது, தூங்கக்கூடாது. கன்னம் உப்ப, கண்கள் பிதுங்க வாண்டுகள் ஊதுவது கொள்ளை அழகு! ஐதரசன் தொடக்க அளவைவிட மில்லியனுக்கு 20 பங்கு கூடினால் விஷயம் வெளிச்சம். சிலரின் குடல் ஐதரசனுக்குப் பதில் மீதேன் தரும் என்பதால், நல்ல கருவிகள் இரண்டையும் அளக்கும். ஊதத் தெரியாத கைக்குழந்தைக்கு மலத்தின் அமிலத்தன்மையும் அதிலுள்ள சர்க்கரையும் பார்க்கப்படும்.

சோதனையில் 'ஆம்' என்று வந்தாலும் பாலுக்குத் தடையில்லை. ஒரே வேளையில் 12 கிராம் லாக்டோஸைப் பெரும்பாலானோர் தாங்குவார்கள்; ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்குப் போடும் 10 கிராம் பால்மாவில் இருப்பது 4 கிராம் மட்டுமே. ஆகவே அம்மாமாரே, தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் கொடுக்கும் பாலை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், முதலில் டொக்டரிடம் காட்டுங்கள். கடந்த நான்கு வாரத்துக்குள் பிள்ளை அன்டிபயோட்டிக் குடித்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.