உங்களுக்குத் தெரியுமா? ஃபார்மட் போடுவதற்கு முன்னால்…

வீட்டு கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் முதலில் காதில் விழும் வார்த்தை 'ஃபார்மட் போட்டுடலாம்' என்பதுதான். விண்டோஸ் மெஷின்களில் வருகிற தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்கு அது தேவையே இல்லை. கை வைக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்கள் இங்கே.

★

டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக், ரெஃப்ரெஷ், மறுபடியும் ரெஃப்ரெஷ். உட்கார்ந்ததும் பலருக்குக் கை தானாகச் செய்யும் வேலை இது. இதனால் கம்ப்யூட்டர் துளியும் வேகமாவதில்லை. திரையில் உள்ள ஐகான்களைத் திரும்ப வரைந்து காட்டச் சொல்லும் கட்டளை அது, அவ்வளவுதான். இப்போது சேமித்த ஃபைல் கண்ணில் படவில்லை என்றால் உதவும். ராமையோ பிராசசரையோ அது தொடுவதில்லை.

★

ஷட் டவுன் செய்து மறுபடி ஆன் செய்வதைவிட, ரீஸ்டார்ட் கொடுப்பதுதான் முழுமையான புதுத் தொடக்கம். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்றொரு ஏற்பாடு இருக்கிறது. ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸின் மையப் பகுதியும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே டிஸ்க்கில் எழுதிவைக்கப்படும். அடுத்த முறை பவர் பட்டனை அழுத்தும்போது அதுவே திரும்ப ஏற்றப்படும். சீக்கிரம் ஆன் ஆகிறது, சரி. ஆனால் நேற்று முரண்டு பிடித்த டிரைவரும் அதே முரண்டோடு வந்து நிற்கும். ரீஸ்டார்ட்டில் இந்தக் குறுக்குவழி கிடையாது.

கண்ணால் பார்க்க வேண்டுமா? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியுவை கிளிக் செய்தால் கீழே 'அப் டைம்' என்று நாளும் மணியும் ஓடிக்கொண்டிருக்கும். தினமும் ராத்திரி ஷட் டவுன் செய்கிற மெஷினில்கூட அது பல நாள் கணக்கு காட்டும். ஒரு ரீஸ்டார்ட் கொடுங்கள், பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுனை கிளிக் செய்தாலும் அந்த ஒருமுறை முழுமையாக அணையும்.

★

எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் 'இணைப்பு பாதுகாப்பாக இல்லை' என்று வருகிறதா? நெட் கம்பெனிக்கு போன் போடும் முன் திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். ஒவ்வொரு தளமும் காட்டும் சான்றிதழுக்கு இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை என்று ஆயுள் உண்டு. உங்கள் மெஷினின் கடிகாரம் பழைய வருடத்துக்குப் போயிருந்தால், அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று பிரவுசர் நினைத்துக்கொள்ளும். கடிகாரம் பின்னோக்கிப் போவதற்குப் பெரும்பாலும் காரணம், மதர்போர்டில் படுத்திருக்கும் நாணயம் போன்ற பேட்டரி. பெயர் சிஆர்2032, 3 வோல்ட். வாட்ச் கடையிலேயே கிடைக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பழையது எந்தப் பக்கம் மேலாக இருந்தது என்று பார்த்து அதேபோல் மாற்றினால் போதும்.

★

கன்ட்ரோல், ஆல்ட், டெலீட். 1981இல் வெளிவந்த ஐபிஎம் பிசியை உருவாக்கிய குழுவில் இருந்த பொறியாளர் டேவிட் பிராட்லி அமைத்த கூட்டு இது. முதலில் டெலீட்டுக்குப் பதில் எஸ்கேப்தான் இருந்தது. அதை இடது கை ஒன்றினாலேயே தவறுதலாக அழுத்திவிட முடியும் என்பதால், இரண்டு கையும் வேண்டும்படி டெலீட்டுக்கு மாற்றினார்கள். இன்றும் திரை முழுக்க ஒரு கேம் உறைந்துபோய் வேறெதுவும் கேட்காதபோது முயல வேண்டிய கூட்டு இதுதான். இந்த மூன்று கீகளை விண்டோஸ் நேரடியாகத் தன் கையில் வைத்திருக்கிறது; சாதாரண புரோகிராம் எதுவும் குறுக்கே நின்று தடுக்க முடியாது.

★

திரை கறுத்து, மௌஸ் மட்டும் அசைகிறதா? விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு 'பீப்', ஒரு மினுக்கு. கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். திறந்திருந்த வேலை அப்படியே இருக்கும்.

★

சோகமுகத்தோடு வரும் நீலத்திரையில் படிக்க வேண்டியது ஒரே ஒரு வரி: கீழே இருக்கும் 'ஸ்டாப் கோட்'. செல்போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 'மெமரி மேனேஜ்மென்ட்' என்று இருந்தால் ராமைச் சந்தேகிக்கலாம். விண்டோஸிலேயே 'மெமரி டயக்னாஸ்டிக்' என்று ஒரு சோதனை இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் தேடினால் வரும். 'இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்' என்றால், தான் குடியிருக்கும் டிஸ்க்கை விண்டோஸ் எட்ட முடியவில்லை என்று பொருள். கேபிள் தளர்ந்திருந்தாலும் வரும், டிஸ்க் போனாலும் வரும். 2025இல் விண்டோஸ் 11இல் இந்தத் திரையின் நிறத்தையே கறுப்பாக்கி, சோகமுகத்தையும் எடுத்துவிட்டார்கள். கோட் மட்டும் இருக்கிறது.

★

2024 ஜூலை 19. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான அப்டேட்டால், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத்திரையில் விழுந்தன. விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அதற்கும் ஃபார்மட் தேவைப்படவில்லை. சேஃப் மோடில் ஏறி, ஒரு ஃபைலை அழித்து, ரீஸ்டார்ட் கொடுத்ததுதான் அடிப்படை வைத்தியம்.

சேஃப் மோடுக்குப் போக எஃப்8 கீயைத் தட்டுவது பழைய காலம். இப்போது ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும். விண்டோஸே வரவில்லை என்றால், அடுத்தடுத்துத் தொடக்கம் தோற்கும்போது மெஷின் தானாகவே பழுதுபார்க்கும் திரைக்குப் போகும்.

அன்று பலரைத் தடுத்து நிறுத்தியது இன்னொன்று: பிட்லாக்கர் பூட்டு. 48 இலக்க ரெகவரி கீ இல்லாமல் பூட்டிய டிஸ்க்கைத் திறக்க முடியாது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் கொடுத்தால், வீட்டு மெஷினிலும் இந்தப் பூட்டு தானாக விழக்கூடும். கீ அந்த அக்கவுன்ட்டில் சேமிக்கப்பட்டிருக்கும். மெஷின் நன்றாக ஓடும்போதே அதைத் தேடி ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள். இதை மட்டும் நாளைக்குத் தள்ளாதீர்கள்.

★

பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, திரை வரவில்லை, 'பீப் பீப்' என்று கத்துகிறது. சர்வீஸ் கடைக்காரர் அடுத்து செய்வதைக் கவனித்திருக்கிறீர்களா? ராம் ஸ்டிக்கைக் கழற்றி, அடியில் வரிசையாக இருக்கும் பொன்னிறப் பட்டைகளைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்ப்பார். பட்டையின் மேல் படிந்த அழுக்குப் படலம் போனதும் துணியால் துடைத்து, இரண்டு பக்கமும் 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்திச் செருகுவார். பலமுறை அதோடு சரியாகிவிடும். நீங்களும் செய்யலாம். பிளக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு ராமைத் தொட வேண்டும். ரப்பர் துகள் ஒன்றுகூட ஸ்லாட்டுக்குள் போகக் கூடாது.

★

கிராஃபிக்ஸ் கார்டு போட்டபின் மானிட்டரில் 'நோ சிக்னல்' என்றால், எச்டிஎம்ஐ கேபிள் பழைய இடத்திலேயே, மதர்போர்டில் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். கார்டில் இருக்கும் துளைக்கு மாற்ற வேண்டும்.

★

ஸ்பீக்கருக்குப் பச்சை, மைக்குக்கு இளஞ்சிவப்பு. மைக்ரோசாஃப்ட்டும் இன்டெலும் சேர்ந்து வெளியிட்ட 'பிசி 99' வழிகாட்டியில் வகுத்த நிறங்கள் இவை. சத்தம் வரவில்லை என்றால் டிரைவரைத் தேடும் முன் கேபினெட்டின் பின்பக்கம் பாருங்கள்.

★

பிரிண்டர் வரிசையில் ஒரு பக்கம் சிக்கிக்கொண்டு, 'டெலீட்டிங்' என்று காட்டிக்கொண்டே நாள் முழுக்க நிற்கும். பிரிண்டரை அணைத்துப் போட்டாலும் போகாது. ஏனென்றால் அது இருப்பது பிரிண்டரில் அல்ல, உங்கள் டிஸ்க்கில். ஸ்டார்ட்டில் 'சர்வீசஸ்' என்று தேடித் திறந்து, 'பிரிண்ட் ஸ்பூலர்' வரியில் ஸ்டாப் கொடுங்கள். பிறகு சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் ஃபோல்டர். அந்தக் கடைசி ஃபோல்டருக்குள் இருப்பதை மட்டும் அழியுங்கள், ஃபோல்டரை விட்டுவிடுங்கள். திரும்ப சர்வீசஸுக்கு வந்து ஸ்டார்ட். பிரிண்டரை மாற்றலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

★

பென்டிரைவில் 20 ஜி.பி. காலி, 5 ஜி.பி. படம் ஏற மறுக்கிறது. காரணம் எஃப்ஏடி32 என்ற அமைப்பு: அதில் ஒரு தனி ஃபைல் 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது. உள்ளே இருப்பதை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு, எக்ஸ்ஃபேட் என்று தேர்ந்தெடுத்து பென்டிரைவை ஃபார்மட் செய்தால் தீரும். ஃபார்மட் சரியான மருந்தாக இருக்கும் இடம் இது.

★

1 டி.பி. ஹார்ட் டிஸ்க் வாங்கினால் விண்டோஸில் 931 ஜி.பி. என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். விண்டோஸ் 1024ஆக எண்ணுகிறது.

★

பென்டிரைவிலிருந்து அழித்த ஃபைல் பொதுவாக ரீசைக்கிள் பின்னுக்குப் போவதில்லை; நேரே போய்விடும். பழைய வகை ஹார்ட் டிஸ்க்கில் அழித்தது, அதன் மேல் வேறொன்று எழுதப்படும்வரை உள்ளேயே இருக்கும். அதனால் முக்கியமான போட்டோ அழிந்துவிட்டது என்று தெரிந்த நொடியில் அந்த டிஸ்க்கில் எதையும் சேமிக்காமல் மெஷினை அணைப்பது நல்லது. எஸ்எஸ்டியில் இந்த நம்பிக்கை குறைவு. 'டிரிம்' என்ற கட்டளை வழியாக, அழித்த இடத்தை அது தானே துடைத்து வைத்துக்கொள்ளும்.

★

பழைய டாக்குமென்ட்டைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக வருகின்றனவா? ஃபைல் கெடவில்லை. வைரஸும் இல்லை. யூனிகோட் பரவலாவதற்கு முன், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை உட்கார வைத்த எழுத்துருக்கள் இருந்தன. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தது, அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி என்று தெரியும். இலங்கையிலிருந்து வரும் கல்யாணப் பத்திரிகை, கோயில் மலர் ஃபைல்களில் இது அடிக்கடி நேர்வது. பாமினியை நிறுவி, வரிகளைத் தேர்ந்தெடுத்து அந்த எழுத்துருவுக்கு மாற்றினால் படிக்கலாம். நிலையாக வைத்துக்கொள்ள, கன்வர்ட்டரில் போட்டு யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும். அப்பாவின் பழைய கட்டுரைகள், ஊர் வரலாறு என்று எவ்வளவோ இப்படி 'கரப்ட்' என்று முத்திரை குத்தப்பட்டு அழிக்கப்படுவது மனதை உறுத்துகிறது.

★

திரை முழுக்க எச்சரிக்கை, அலறும் சத்தம், நடுவில் 'மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்' என்று ஒரு போன் நம்பர். அழைக்காதீர்கள். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைகளில் போன் நம்பர் தருவதே இல்லை. எஸ்கேப்பை அழுத்திப் பிடியுங்கள். இல்லாவிட்டால் டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள். அழைத்தவர்களிடம் அந்தக் கும்பல் 'ஈவன்ட் வியூவர்' என்ற பகுதியைத் திறக்கச் சொல்லி, சிவப்பும் மஞ்சளுமாக இருக்கும் குறிகளைக் காட்டி மிரட்டும். நன்றாக ஓடும் மெஷினிலும் அந்தக் குறிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். இந்தியாவில் பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930.

★

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. 'இந்த மெஷினில் விண்டோஸ் 11 ஓடாது' என்று வந்தால் உடனே எடைக்குப் போட வேண்டாம். அது கேட்கும் டிபிஎம் 2.0 பல மெஷின்களில் இருந்தும், பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் போர்டில் 'பிடிடி', ஏஎம்டி போர்டில் 'எஃப்டிபிஎம்' என்ற பெயரில் தேடிப் பாருங்கள்.

★

'சி டிரைவை மட்டும் ஃபார்மட் போடுறேன், டி டிரைவுல இருக்கிறது அப்படியே இருக்கும்' என்பார்கள். டெஸ்க்டாப்பில் நீங்கள் வைத்திருக்கும் ஃபைல்கள் எங்கே இருக்கின்றன? சி டிரைவில். டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் வழக்கமாக அங்கேதான், 'யூசர்ஸ்' ஃபோல்டருக்குள். குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோக்கள் டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டரில் இருந்து, இப்படிப் போன வீடுகள் ஏராளம். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ரெகவரி பகுதிக்குப் போனால் 'ரீசெட்' இருக்கிறது. அதில் 'கீப் மை ஃபைல்ஸ்' தேர்ந்தெடுத்தால் புரோகிராம்கள் போகும், உங்கள் ஃபைல்கள் தங்கும். விண்டோஸ் 11இன் புதிய பதிப்புகளில் அதே பகுதியில் இன்னொரு பட்டனும் உண்டு: 'ஃபிக்ஸ் பிராப்ளம்ஸ் யூசிங் விண்டோஸ் அப்டேட்'. புரோகிராம்கள், ஃபைல்கள், செட்டிங்ஸ் எதையும் கலைக்காமல் விண்டோஸை மட்டும் திரும்ப நிறுவித் தரும். ஃபார்மட் என்று சொல்பவரிடம், முதலில் அந்த பட்டனை அழுத்திப் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.