நாடிக் காயத்தை ஆற்றுவதும் அடைப்பதும் ஒரே சக்தியே

அடைபட்ட இதய நாடியைப் பலூனால் விரித்து, 'ஸ்டென்ட்' எனும் வலைக்குழாயைப் பொருத்தும் சிகிச்சை இன்று நம்மவர்க்குப் புதியதன்று. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டப்புறங்களிலும் அதனைப் பெற்றுத் திரும்பியோர் உள்ளனர். நெஞ்சுவலி நீங்கியதால் நோயும் நீங்கிற்று என அவர்கள் எண்ணுவார்களாயின் அது ஆபத்தானதாகும். ஏனெனில், நாடியைத் திறக்கும்போதே அதன் உட்சுவர் காயமடைகின்றது.

நாடியின் உட்புறத்தை ஒற்றைக் கல அடுக்கினாலான அகவணி மூடியுள்ளது. பலூன் விரிகையில் அது சிதைகின்றது. உடனே குருதிச் சிறுதட்டுகள் அங்கு ஒட்டிக்கொள்கின்றன. அவற்றின் இரசாயனச் சைகைகளை ஏற்று வெண்குழியங்கள் விரைகின்றன. கிருமிகளை எதிர்க்கும் அதே நிர்ப்பீடனத் தொகுதி, இங்கு சிதைவுகளை விழுங்கி அகற்றிப் புதிய கலங்கள் வளரவும் தூண்டுகிறது. ஆயின் இவ்வழற்சி அடங்காது நீடிப்பின், சுவரின் தசைக் கலங்கள் அளவுமீறிப் பெருகி நாடி மீண்டும் ஒடுங்கிவிடும்.

1977இல் சூரிச் நகரில் அன்ட்ரியாஸ் குருன்ட்சிக் முதன்முதலாக இதய நாடியொன்றைப் பலூனால் விரித்தார். எனினும் அச்சிகிச்சை பெற்றோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குச் சில மாதங்களில் நாடி மீண்டும் ஒடுங்கிற்று. ஸ்டென்ட் இதனைக் குறைத்ததேயன்றி முற்றாக நீக்கவில்லை. ஈஸ்டர் தீவு மண்ணின் நுண்ணுயிரொன்றிலிருந்து பெறப்பட்ட சிரோலிமஸ், மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரியாதிருக்க வழங்கப்படும் மருந்தாகும். நிர்ப்பீடனத்தைத் தணித்து, கலப் பெருக்கத்தையும் தடுக்கும் அம்மருந்தைப் பூசிய ஸ்டென்ட்கள் 2000களின் தொடக்கத்தில் புழக்கத்திற்கு வந்தபோது மீள்ஒடுக்கம் வெகுவாகக் குறைந்தது.

ஆனால் தசை வளர்ச்சியைத் தடுக்கும் மருந்து, அகவணி மீள வளர்வதையும் தாமதப்படுத்துகிறது. மூடப்படாத உலோகத்தின் மீது குருதி திடீரென உறையலாம். அதனாலேயே அஸ்பிரினுடன் குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரையும், மாரடைப்புக்குப் பின் வழமையாக ஓராண்டு வரை, வழங்கப்படுகிறது.

பல் பிடுங்குவதற்காகவேனும் இவற்றைத் தாமாக நிறுத்தலாகாது. ரமழானில் நோன்பு நோற்க விரும்பும் நோயாளர் முன்கூட்டியே வைத்தியரை நாடினால், அவர் உடல்நிலையை ஆராய்ந்து மாத்திரை வேளைகளை ஸஹருக்கும் இப்தாருக்கும் ஏற்ப ஒழுங்குபடுத்துவார்.

வேலைக்குச் செல்லாவிடில் அன்றைய சம்பளத்தை இழக்கும் தோட்டத் தொழிலாளிக்கு நகரக் கிளினிக்குக்குச் செல்வது இலேசான காரியமன்று. கிளினிக் நாளுக்குச் சம்பளத்துடன் விடுமுறை வழங்கத் தோட்ட நிர்வாகங்கள் முன்வர வேண்டும். பெருஞ்செலவில் காக்கப்பட்ட உயிர், ஒரு மாத்திரை கைக்கெட்டாமையால் பறிபோகலாகாது.