சுகர் மிஷின் வாங்கப் போறீங்களா? முதலில் ஸ்ட்ரிப்பைப் பாருங்க!

பாலக்கோடு பக்கம் ஒரு தக்காளித் தோட்டத்தில் இலைச்சுருட்டு நோயைப் பார்க்கப் போயிருந்தேன். காலை 11 மணி இருக்கும். செடிகளைக் காட்டிக்கொண்டே வந்த விவசாயி, திடீரென்று வரப்பில் உட்கார்ந்துவிட்டார். சட்டை நனைகிற அளவுக்கு வியர்வை, கைகளில் நடுக்கம், கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில். ‘வெயில் தாக்கிடுச்சு, மோர் கொடுங்க’ என்றார்கள் சுற்றி நின்றவர்கள். அவர் சர்க்கரை நோயாளி என்பது தெரிந்த அவர் மனைவி, பக்கத்துத் தெருவில் இருந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தன்னார்வலரை அழைத்துவந்தார். அந்த அம்மா விரலில் குத்திப் பார்த்தபோது ரத்தச் சர்க்கரை 54. உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் ஆள் தெளிந்தார். பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனோம்.

அங்கே விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அன்று காலை வீட்டில் இருந்த கருவி 260 காட்டியிருக்கிறது. பயந்துபோனவர், தானாகவே ஒரு மாத்திரையைக் கூடுதலாகப் போட்டுக்கொண்டு, காலைச் சாப்பாட்டையும் பாதியாகக் குறைத்துவிட்டுத் தோட்டத்துக்கு வந்துவிட்டார். கருவியில் பழுது எதுவும் இல்லை. ஆனால், அதில் செருகும் ஸ்ட்ரிப் டப்பா மோட்டார் ரூம் ஜன்னலில், மூடி சரியாக மூடாமல் கிடந்திருக்கிறது. காலாவதி தேதி முடிந்து 5 மாதம் ஆகியிருந்தது. சுகாதார நிலையத்தில் ஒரே நேரத்தில் புது ஸ்ட்ரிப்பிலும் அந்தப் பழைய ஸ்ட்ரிப்பிலும் பார்த்தபோது, பழையது எக்கச்சக்கமாகக் கூட்டிக் காட்டியது.

‘வீட்டில் வைத்துப் பார்க்க எந்த சுகர் மிஷின் வாங்கலாம்?’ என்று இந்த இதழுக்கு வாசகர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். ‘பயிருக்கு மருந்து சொல்கிறவர், இதைச் சொல்லலாமா?’ என்று நினைக்க வேண்டாம். எவ்வளவு மாத்திரை, எவ்வளவு இன்சுலின் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால், ஒரு கருவியை எப்படித் தேர்ந்தெடுப்பது, அது காட்டும் எண்ணை எவ்வளவு தூரம் நம்புவது என்பது, மண் பரிசோதனைக் கருவிகளோடு 30 ஆண்டுகள் புழங்கிய எனக்குக் கொஞ்சம் தெரியும். தவிர, நானும் 9 ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவன்தான்.

ஸ்ட்ரிப்புக்குள் என்ன இருக்கிறது?

ஸ்ட்ரிப்பின் நுனியில் ஒரு நொதி பூசப்பட்டிருக்கிறது. ரத்தத்தில் உள்ள குளுக்கோஸோடு அது வினைபுரியும்போது மிகச் சிறிய மின்னோட்டம் உண்டாகிறது. குளுக்கோஸ் அதிகமாக இருந்தால் மின்னோட்டமும் அதிகம். அந்த மின்னோட்டத்தை அளந்து எண்ணாக மாற்றிக் காட்டுவது மட்டும்தான் கருவியின் வேலை. ஆக, உண்மையான பரிசோதனை நடப்பது ஸ்ட்ரிப்பில்தான்.

ரைசோபியம், அசோஸ்பைரில்லம் பொட்டலங்களை வெயிலில் போட்டுவைத்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். பொட்டலம் அப்படியே இருக்கும். உள்ளே சரக்கு செத்துப்போயிருக்கும். ஸ்ட்ரிப்பும் அதே கதைதான். சூடும் ஈரமும் பட்டால் நொதி கெட்டுவிடும். ஆனால், கருவிக்கு அது தெரியாது. சில நேரங்களில் ‘எரர்’ என்று காட்டும். பல நேரங்களில் ஏதோ ஓர் எண்ணைக் காட்டிவிடும்.

பெரும்பாலான ஸ்ட்ரிப்களை 30 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வைத்திருக்கச் சொல்லித்தான் டப்பாவில் அச்சிட்டிருப்பார்கள். நம் தருமபுரி கோடையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில், பைக் பெட்டியில், மோட்டார் ரூமில் எல்லாம் அந்த அளவைத் தாண்டிவிடும். ஃப்ரிட்ஜிலும் வைக்கக் கூடாது. வெளியே எடுக்கும்போது ஈரம் பூத்துவிடும். வீட்டுக்குள் வெயில் படாத, அடுப்படிக்குத் தள்ளியிருக்கும் அலமாரிதான் சரியான இடம். ஸ்ட்ரிப்பை அதன் டப்பாவிலேயே வைத்திருங்கள். ஒன்றை எடுத்தவுடன் மூடியை இறுக மூடுங்கள்.

கருவி ஒருமுறை, ஸ்ட்ரிப் ஆயுளுக்கும்!

கருவியைச் சலுகை விலையில், சில நேரம் இலவசமாகவே கொடுப்பார்கள். செலவு முழுக்க ஸ்ட்ரிப்பில்தான். நிறுவனத்தைப் பொறுத்து ஒரு ஸ்ட்ரிப் சுமார் 10 ரூபாயிலிருந்து 25 ரூபாய் வரை விற்கிறது. ஒரு கருவிக்கான ஸ்ட்ரிப் இன்னொரு கருவிக்குப் பொருந்தாது. அதனால், கருவி வாங்கும்போதே 2 ஆண்டுகளுக்கான ஸ்ட்ரிப் செலவைக் கணக்குப் போடுங்கள். 20 ரூபாய் ஸ்ட்ரிப்பில் தினமும் ஒருமுறை பார்த்தால் மாதம் 600 ரூபாய். வாரம் 2 முறை என்றால் 160 ரூபாய்தான்.

இன்னொரு கணக்கும் உண்டு. பல நிறுவனங்களின் ஸ்ட்ரிப்களை, டப்பாவைத் திறந்த 3 மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். சிலவற்றுக்குக் கூடுதல் காலம் கொடுத்திருப்பார்கள், டப்பாவில் இருக்கும். வாரம் 2 முறை பார்க்கிறவர் 50 ஸ்ட்ரிப் டப்பா வாங்கினால், தீர்வதற்கு 6 மாதம் ஆகும். விலை மலிவு என்று வாங்கினாலும் பாதி வீண். அவருக்கு 25 ஸ்ட்ரிப் டப்பாதான் சரி. டப்பாவைத் திறந்த அன்றே பேனாவால் தேதியை எழுதிவிடுங்கள்.

சான்று விதை வாங்கும்போது நீல அட்டையையும் காலாவதி நாளையும் பார்த்துதானே வாங்குகிறீர்கள்? இதிலும் நிறுவனத்தின் பெயர், உரிம எண், பேட்ச் எண், காலாவதி தேதி எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்து, பில்லோடு வாங்குங்கள். உங்கள் ஊர் மருந்துக்கடையிலோ, வாரச் சந்தைக்குப் போகும் ஊரின் கடையிலோ அந்த ஸ்ட்ரிப் எப்போதும் கிடைக்க வேண்டும். நாசில் கிடைக்காத தெளிப்பானை யாராவது வாங்குவார்களா?

சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் உறவினர்கள் அன்போடு வாங்கிவரும் கருவியிலும் கவனம் தேவை. அந்த நாடுகளில் அளவீட்டு முறையே வேறு. அங்கே 7 என்று காட்டினால், நம் கணக்கில் அது 126. அதாவது, 18-ஆல் பெருக்க வேண்டும். அதற்கான ஸ்ட்ரிப்பும் இங்கே கிடைப்பது சந்தேகம்.

எவ்வளவு துல்லியம்?

இந்தக் கருவிகளுக்கு ஐ.எஸ்.ஓ. 15197 என்ற சர்வதேசத் தர அளவு இருக்கிறது. 2013-ஆம் ஆண்டு பதிப்பின்படி, சர்க்கரை 100-க்குக் கீழே இருந்தால் ஆய்வக அளவிலிருந்து 15 மில்லிகிராம் கூடவோ குறையவோ இருக்கலாம். 100-ம் அதற்கு மேலும் என்றால் 15 சதவிகிதம் வரை வித்தியாசம் இருக்கலாம். 100 முறை பார்த்தால் 95 முறையாவது இந்த வரம்புக்குள் இருக்க வேண்டும். அட்டைப் பெட்டியில் இந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

இதன் பொருள் என்ன? கருவி 200 காட்டினால், உண்மையான அளவு ஏறக்குறைய 170-லிருந்து 230-க்குள் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். நேற்று 180, இன்று 195 என்று பதற வேண்டியதில்லை. ஒரு நாள் எண்ணைவிட, ஒரு மாதத்து எண்கள் எந்தப் பக்கம் போகின்றன என்பதே முக்கியம். ஒரு நாள் மழையை வைத்துப் பருவத்தை முடிவு செய்வதில்லையே!

கருவி வாங்கியதும் ஒரு வேலை செய்யுங்கள். அடுத்த முறை வெறும் வயிற்றில் ஆய்வகத்தில் ரத்தம் கொடுக்கும்போது, அதே 5 நிமிடத்துக்குள் உங்கள் கருவியிலும் பாருங்கள். இரண்டும் அந்த 15 சதவிகிதத்துக்குள் இருந்தால் நம்பலாம். சாப்பிட்ட பிறகு ஒப்பிடாதீர்கள். அப்போது விரல் ரத்தத்துக்கும் நரம்பில் எடுக்கும் ரத்தத்துக்கும் இயல்பாகவே வித்தியாசம் இருக்கும்.

ரத்தசோகை உள்ளவர்களுக்குப் பல கருவிகள் உண்மையைவிடக் கூட்டிக் காட்டும். நம் கிராமத்துப் பெண்களில் பலருக்கு ரத்தசோகை இருப்பதால் இதைக் கவனிக்க வேண்டும். கருவியைப் பற்றி மருத்துவரிடம் பேசும்போது ஹீமோகுளோபின் அளவையும் சொல்லுங்கள்.

கை கழுவாமல் பார்த்தால்...

ஒரு மாம்பழ சீஸனில் காரிமங்கலம் பக்கம் தோப்பு பார்க்கப் போனேன். மாதிரிக்கு அறுத்த பழங்களைக் கையால் எடுத்துப் பார்த்ததோடு சரி, சாப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து விரலைக் குத்தினால் 318. மாத்திரையைத் தேடிப் போனேன். ‘கையைக் கழுவிட்டுப் பாருங்க’ என்றார் என் மனைவி. சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்துவிட்டுப் பார்த்தால் 142! விரலில் ஒட்டியிருந்த பழச்சாறுதான் அந்த வித்தியாசம். ஜப்பானில் 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வும் இதையே சொல்கிறது. பழம் உரித்த கையை ஸ்பிரிட் பஞ்சால் பல முறை துடைத்தும் தவறான அளவே வந்திருக்கிறது. தண்ணீரில் கழுவிய பிறகுதான் சரியாகியிருக்கிறது. மா, கரும்பு, வெல்லத்தோடு புழங்குகிற நமக்கு இதைவிட முக்கியமான பாடம் இல்லை.

கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். நடுவில் குத்தினால் வலிக்கும். மண்வெட்டி பிடித்துக் காய்ப்பு ஏறிய விரல்களுக்கு, ஆழத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி உள்ள குத்தும் பேனா வேண்டும். ரத்தம் வரவில்லை என்று விரலைப் போட்டுப் பிழியாதீர்கள். நிணநீர் கலந்து எண் மாறும். கையைச் சற்று நேரம் கீழே தொங்கவிட்டால் போதும்.

ஊசியை ஒருவருக்கொருவர் மாற்றிப் பயன்படுத்தவே கூடாது. கணவன் மனைவியாக இருந்தாலும் கூடாது. மஞ்சள் காமாலை பி வகைக் கிருமி இதன் மூலம் பரவும். பயன்படுத்திய ஊசியை எருக்குழியில் போடாதீர்கள். அது வயலில் யாருடைய காலிலாவது ஏறும். மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, சுகாதார நிலையத்தில் கேட்டு ஒப்படையுங்கள்.

எண்ணை வைத்து என்ன செய்வது?

பொதுவாக வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து 2 மணி நேரத்தில் 180-க்குள் என்பது பலருக்கும் சொல்லப்படும் இலக்கு. வயதானவர்களுக்கும் வேறு நோய் உள்ளவர்களுக்கும் மருத்துவர் இதை மாற்றிச் சொல்வார். இன்சுலின் போடுகிறவர்கள் அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும். மாத்திரை மட்டும் என்றால் எத்தனை முறை என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கருவியால் இன்னொரு பயனும் உண்டு. ‘கேழ்வரகுக் களி சர்க்கரைக்கு நல்லது’ என்று 3 உருண்டை சாப்பிடுகிறவர்கள் நம் மாவட்டத்தில் நிறைய. களியும் மாவுச்சத்துதான். ஒரு நாள் 1 உருண்டை, இன்னொரு நாள் 2 உருண்டை சாப்பிட்டு, 2 மணி நேரம் கழித்துப் பாருங்கள். உங்கள் உடம்புக்கு எவ்வளவு என்பதை உங்கள் விரலே சொல்லிவிடும்.

70-க்குக் கீழே போனால் ஆபத்து. உடனே 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடியும் பாருங்கள். ஏறவில்லை என்றால் மீண்டும் கொடுத்து, மருத்துவமனைக்குப் போங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். வேலைக்குப் போகும்போது மடியில் கொஞ்சம் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். எதிர்பாராத எண் வந்தால், கை கழுவி, வேறு ஸ்ட்ரிப்பில் மறுபடியும் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். ஆனால், தாழ் சர்க்கரையின் அறிகுறி உடம்பில் தெரிந்தால், கருவியைத் தேடாமல் முதலில் சர்க்கரையைக் கொடுங்கள்.

வாசகர்கள் கேட்டவை

குத்தாமலே சர்க்கரை காட்டும் வாட்ச் வாங்கலாமா?
வேண்டாம். தோலில் குத்தாமல் தானாகவே சர்க்கரையை அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்திருக்கிறது. கையில் ஒட்டும் சென்சார் வேறு. அதில் நுண்ணிய இழை தோலுக்குள் போகும். விலை அதிகம். இன்சுலின் போடுகிறவர்கள் மருத்துவரிடம் கேட்டு வாங்கலாம்.

கருவி வாங்க வசதியில்லை, என்ன செய்வது?
2004-இல் நம் மாவட்டத்திலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில்தான், 2021 ஆகஸ்ட் 5 அன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. அந்தத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள்; தொடர் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு மாத்திரையும் தருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அம்மாவுக்குக் கண் பார்வை குறைவு. எதைப் பார்த்து வாங்குவது?
பெரிய எழுத்துத் திரை, ஸ்ட்ரிப்பைச் செருகியதும் தானாக இயங்குவது, ஒவ்வொரு டப்பாவுக்கும் ‘கோட்’ எண் மாற்றத் தேவையில்லாதது, பழைய அளவுகளைத் தேதியோடு சேமிப்பது. இந்த நான்கும் இருந்தால் போதும்.

பாலக்கோடு விவசாயியைப் போன வாரம் பார்த்தேன். வீட்டு அலமாரியிலிருந்து ஸ்ட்ரிப் டப்பாவை எடுத்துக் காட்டினார். மூடியின்மேல் திறந்த தேதி கொட்டை எழுத்தில் இருந்தது. பக்கத்தில் ஒரு நோட்டு. அதில் வரிசையாகத் தேதியும் எண்ணும். ‘இப்பல்லாம் நானா மாத்திரை போடறதில்லீங்க சார், நோட்டை டாக்டர்கிட்ட காட்டிடறேன்’ என்றார். தோட்டத்தில் இரண்டாம் பறிப்பு நடந்துகொண்டிருந்தது.