மோட்டார் முறுக்கும், இறப்பர் எறியும்

இலங்கைத்துறைப் பக்கத்துத் தம்பி ஒருவன், உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு படிப்பவன், இப்படிக் கேட்டான்: "மஞ்சள் கியர் மோட்டாரின் அச்சில் ஒரு குச்சியைப் பூட்டி, நுனியில் சோடா மூடியை ஒட்டிக் கவண் செய்தேன். பந்து ஒரு முழம்கூடப் போகவில்லை. பெரிய மோட்டார் வாங்கட்டுமா?"

அவசரப்பட்டு வாங்காதே தம்பி. தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக இரு, சொல்கிறேன்.

சின்ன மோட்டாரால் வேகமாக எறிய முடியாது. ஆனால் அது களைக்காமல் முறுக்கும். எறிகிற வேலையை இறப்பரிடம் விட்டுவிட வேண்டும். மெல்ல ஒழுகும் குழாயின் கீழே வாளியை வைத்து நிரப்பி, ஒரேயடியாகக் கவிழ்ப்பதைப் போன்ற வேலை இது.

கணக்கும் எளிது. சைக்கிள் ரியூப்பில் வெட்டிய ஒரு பட்டியைப் பத்து சென்ரிமீற்றர் இழுக்கிறாய் என்று வை. கடைசியில் அது 10 நியூட்டன், அதாவது ஒரு கிலோ எடையைத் தூக்கும் அளவு விசையோடு எதிர்த்து இழுக்கிறது. அதற்குள் சேர்ந்திருக்கும் சக்தி சுமார் அரை யூல். இதைச் சேர்க்க மோட்டார் இரண்டு செக்கன் எடுத்தால், அது கொடுத்த வலு கால் வாற்றுத்தான். அதே அரை யூல் ஒரு செக்கனின் இருபதில் ஒரு பங்கு நேரத்தில் வெளியே பாய்ந்தால் 10 வாற்று. நாற்பது மடங்கு! இதற்காக ஒரு சதம்கூடக் கூடுதலாகச் செலவழிக்கவில்லை.

இந்த யோசனை புதிதல்ல. உன் பக்கத்துத் திருகோணமலைத் துறைமுகத்துக்கு வந்த கப்பல் ஒன்றிலும் முன்பு இது இருந்தது. 1944 ஏப்ரலில் பிரித்தானியாவின் இலஸ்ட்ரியஸ், அமெரிக்காவின் சரட்டோகா என்ற இரண்டு விமானந்தாங்கிகள் இங்கிருந்து புறப்பட்டுச் சுமாத்திராவின் சபாங் துறைமுகத்தைத் தாக்கின. சரட்டோகா 1927இல் சேவைக்கு வந்தபோது அதன் முன்தளத்தில் விமானத்தை உந்திவிடும் கவண் ஒன்று இருந்தது. கனத்த சக்கரம் ஒன்றைச் சுழற்றிச் சுழற்றி வேகமேற்றி, சேர்ந்த சக்தி முழுவதையும் ஒரே இழுப்பில் விமானத்துக்குக் கொடுப்பார்கள். கப்பல் திருகோணமலைக்கு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கவணைக் கழற்றிவிட்டார்கள். ஆனாலும் அந்த எண்ணம் சாகவில்லை. அமெரிக்காவின் இன்றைய விமானந்தாங்கியான ஜெரால்ட் ஆர். ஃபோர்ட் கப்பலின் மின்காந்தக் கவணும், சுழலும் பாரமான பொறிகளில் சக்தியைச் சேமித்து வைத்து, இரண்டு மூன்று செக்கனில் கொட்டித் தீர்க்கிறது. உன் சோடா மூடியும் அந்தக் கப்பலும் ஒரே பாடத்தைத்தான் படிக்கின்றன.

இனி, முறுக்கியதை எப்படி விடுவிப்பது? இந்த வேலையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. இரண்டு வழி சொல்கிறேன்.

எனக்குப் பிடித்தது, புரோகிராமே தேவைப்படாத முதல் வழி. மோட்டார் அச்சில் ஒரு வட்டத்தட்டு, அதன் விளிம்பில் ஒரு முளை. தட்டு சுழலும்போது முளை கவண் கையின் வால்முனையில் கொளுவி அதைத் தள்ளும், இறப்பர் இழுபடும். ஓரிடத்தில் முளை வழுகிக் கடந்துபோகும், கை பாயும். ஒரு சுற்றுக்கு ஒரு எறி. மஞ்சள் மோட்டார் இதற்குச் சரிவராது. 6 வோல்ற்றில் நிமிடத்துக்குச் சுமார் இருநூறு சுற்று ஓடும். அந்த வேகத்தில் கை திரும்பி வரவே நேரம் இராது. அதோடு, அச்சிலிருந்து 3 சென்ரிமீற்றர் தள்ளியிருக்கும் முளை 10 நியூட்டனைத் தள்ள வேண்டுமானால் மூன்று கிலோகிராம் சென்ரிமீற்றர் முறுக்குவிசை தேவை. மஞ்சள் மோட்டார் ஒரு கிலோகிராம் சென்ரிமீற்றரைத் தொடுவதே அரிது. மோட்டார் திணறி நிற்கும், நின்ற மோட்டார் மின்னோட்டத்தை அள்ளிக் குடித்துச் சூடேறும். நிமிடத்துக்கு முப்பது சுற்றுப் போகும் உலோகக் கியர் மோட்டார் என்றால் நல்லது.

இரண்டாவது வழியில் மோட்டார் நூலைச் சுற்றிக் கையைக் கீழே இழுக்கும், ஒரு கொளுக்கி பிடித்துக்கொள்ளும், சின்னச் சேர்வோ மோட்டார் ஒன்று அந்தக் கொளுக்கியை இழுத்து விடுவிக்கும். இதில் பலர் இடறும் இடம் ஒன்றுண்டு: விடுவிக்கும் முன் மோட்டாரைப் பின்னோக்கிச் சுற்றி நூலைத் தளர்த்த வேண்டும். மறந்தால் கை பாதியில் நூலில் மாட்டி நின்றுவிடும். இதை இயக்கும் ஆர்டுயினோ கட்டுப்பாட்டுப் பலகையின் பின்னில் (pin) மோட்டாரை நேரே கொளுவவும் கூடாது. ஒரு பின் மிகச் சிறிய மின்னோட்டத்தையே தாங்கும். நடுவில் ஒரு டிரைவர் பலகை வேண்டும்.

கை எந்த இடத்தில் தடைபட்டு நிற்கிறது என்பதையும் பார். பந்து, கைக்குச் செங்குத்தான திசையில்தான் கிளம்பும். கை நிமிர்ந்து நேராக நிற்கும்போது தடுத்தால் பந்து தட்டையாகப் போய் முன்னாலேயே விழும். கை பின்பக்கம் 45 பாகை சாய்ந்திருக்கும்போதே தடைக்கட்டை தட்ட வேண்டும்; அப்போது பந்து 45 பாகையில் மேலெழும். மேசைப்பந்து 2.7 கிராம்தான், காற்று அதைச் சீக்கிரம் அடக்கிவிடும். அதற்கு இன்னும் கொஞ்சம் தாழ்வான கோணமே தூரம் தரும். கையும் இலேசாக இருக்கட்டும். பாரமான கை, சக்தியில் பெரும்பங்கைத் தானே தின்றுவிடும்.

சிலப்பதிகாரம் மதுரை மதிலின் பொறிகளை அடுக்கும்போது கல் எறியும் கவணையும் சொல்கிறது. அது போருக்கு. நீ கல்லை வைக்காதே, பந்தோடு நிறுத்து. முறுக்கிய கவணுக்கு முன்னால் ஒருவரும் நிற்கக் கூடாது, உன் முகமும் அதற்கு மேலே குனியக் கூடாது. இழுபட்ட இறப்பர் பற்றரியைக் கழற்றினாலும் இழுபட்டபடியே இருக்கும்.

கடைக்குப் போகுமுன் ஒன்று செய் தம்பி. கையைக் கீழே இழுத்து நூலால் கட்டி, நூலைக் கத்தரித்துப் பார். தடைக்கட்டையை நகர்த்தி நகர்த்தி அப்படியே எறிந்து பார். பந்து நீ நினைத்த இடத்தில் விழத் தொடங்கிய பிறகு மோட்டாருக்குக் காசு கொடு.