யாவாவின் வேல்முனைகள்: சேகரிப்பும் செப்பனிடலும்

தொல்பொருட் சேகரிப்புப் பெரும்பாலும் செல்வந்தரின் பொழுதுபோக்காகவே கருதப்பட்டு வந்துள்ளது. ஆயின், ஒரு பொருள் யாரால், எவ்வாறு, எத்தேவைக்காக ஆக்கப்பட்டது என நாம் வினவத் தொடங்கியதும் அது சமூக வரலாற்றின் சான்றாகிவிடுகின்றது. 'தொம்பாக்' எனப்படும் யாவாவின் பழைய வேல்களை இந்நோக்கில் ஆராய்தல் பயனுடைத்து.

வேல்முனையை ஆக்குபவன் 'எம்பு' எனப் போற்றப்படும் கொல்லன். உருக்குத் தகடொன்றை நடுவே வைத்து, இரும்பையும் நிக்கல் கலந்த இரும்பையும் பன்முறை மடித்தடித்துப் பெற்ற அடுக்குகளை இருமருங்கும் பொருத்தி அவன் அலகை உருவாக்குவான். இவ்வடுக்குகள் மேற்பரப்பிற் கோலங்களாகத் தோன்றும். இதனைப் 'பாமோர்' என்பர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரம்பானான் பகுதியிலிருந்து சூரகர்த்தா அரண்மனைக்குக் கொண்டுவரப்பட்ட விண்கல்லின் இரும்பும் இத்தொழிலிற் பயன்பட்டது. எம்புகள் சிலரின் பெயர்களை மரபு பேணிவந்துள்ளது. அவர்களோடு சம்மட்டி பிடித்தோரின் பெயர்களோ பெரும்பாலும் மறைந்துவிட்டன. அவர்தம் உழைப்புக்கு எஞ்சிய சாசனம் இக்கோலமே.

செப்பனிடலின் அடிப்படைப் பிரச்சினை இங்குதான் எழுகின்றது. துருவேறிய வேல்முனையை அரத்தாலோ அரைச்சில்லாலோ தேய்த்துப் பளபளப்பாக்கினால் பாமோர் மங்கும். அலகின் விளிம்பும் வடிவமும் சிதையும். யாவாவின் மரபு முறை வேறானது. அலகைத் தேங்காய் நீரில் ஊறவைத்துத் துருவை இளக்குவர். தேசிக்காய்ச் சாறும் பூந்திக்கொட்டையும் இட்டு வெண்மையாகும்வரை துலக்குவர். பின்னர் தேசிக்காய்ச் சாற்றிற் கரைத்த ஆசனிக்குச் சேர்வையைப் பூசுவர். இரும்பு கருமையுற, நிக்கல் வெள்ளிபோல் ஒளிரும். இறுதியாகக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசுவர். அரண்மனைகளிலே சூரோ மாதத்தில் குலப்பொருள்களை நீராட்டுதல் சடங்காகவே நிகழ்கின்றது.

எனினும், இம்மரபையும் நாம் விமரிசனமின்றி ஏற்றல் பொருந்தாது. ஆசனிக்குக் கொடிய நஞ்சு. அன்றியும், ஒவ்வொரு துலக்கலும் உலோகத்திற் சிறிதளவைக் கரைத்துவிடுகின்றது. தலைமுறை தலைமுறையாகத் துலக்கப்பட்ட அலகுகள் மெலிந்து காணப்படுவது இதனாலேயே. எனவே, துருவைத் தடுப்பதற்கு எவ்வளவு அவசியமோ அவ்வளவே செய்தல் வேண்டும். செய்ததைப் பதிவுசெய்தலும் வேண்டும்.

அலகு துலங்கினும் அதன் வரலாறு துலங்காவிடிற் செப்பனிடல் முழுமையுறாது. மன்னருக்கு வேல் படைக்கலம் மட்டுமன்று, ஆட்சியுரிமையின் சின்னமுமாகும். ஒல்லாந்தர் 1708இல் மூன்றாம் அமங்குராட் மன்னனை இலங்கைக்கு நாடுகடத்தியபோது அரச குலப்பொருள்களும் அவனுடன் இங்கு வந்தன. அவன் 1734இல் இறந்த பின்னரே அவை யாவாவுக்கு மீண்டன. 1812இல் பிரித்தானியர் யோக்யகர்த்தா அரண்மனையைச் சூறையாடினர். 1825 முதல் 1830 வரை ஒல்லாந்தரை எதிர்த்துப் போராடிய திப்பொனகோரோவின் வேலொன்றும் அவர்கள் கையிற் சிக்கியது. அது 1970களின் பிற்பகுதியிலேயே இந்தோனேசியாவுக்குத் திருப்பியளிக்கப்பட்டது.

ஆகவே, காம்பிழந்து, பிறந்த ஊரும் கைமாறிய வழியும் அறியப்படாது கண்ணாடிப் பேழையுள் மின்னும் வேல்முனை பாதுகாக்கப்பட்டதாகக் கொள்ளுதற்கில்லை. அதனை ஆக்கிய கரங்களையும் பறித்த கரங்களையும் ஒருங்கே இனங்காணும் பணியே உண்மையான செப்பனிடல் என்பது நமது கருத்து.