பனியில் இறங்கும் சுருதி

பள்ளி ஆண்டு விழாவில் வாத்தியக் குழு மேடை ஏறியதும் என்ன செய்யும் என்று கவனித்திருக்கிறீர்களா? உடனே வாசிக்கத் தொடங்காது. வயலின்காரர்கள் தந்தியை முறுக்கும் பிருடையைத் திருகுவார்கள். மிருதங்கக்காரப் பையன் கல்லையும் கட்டையையும் எடுத்துத் தோலின் விளிம்பைச் சுற்றி ‘டக் டக்’ என்று தட்டுவான். முன் வரிசையில் இருக்கும் சிறப்பு விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

போன சனிக்கிழமை தஞ்சாவூரில் என் அக்கா மகள் படிக்கும் பள்ளியிலும் இதுதான் நடந்தது. அவள் எட்டாம் வகுப்பு, வயலின் வாசிக்கிறாள். நிகழ்ச்சி முடிந்து இறங்கியவள் முதலில் கேட்டதே இதைத்தான்: “ஏன் மாமா, நாலு மணிக்கு கிளாஸ் ரூம்ல எல்லாரும் சரியாத்தானே சுருதி சேர்த்தோம்? ஏழு மணிக்குள்ள எப்படிக் கலைஞ்சுது?”

யாரும் பிருடையைத் தொடவில்லை, பெட்டியும் கீழே விழவில்லை. கலைத்தது தை மாதத்துப் பனி. அதிலும் ஒரு வேடிக்கை: அது எல்லா வாத்தியத்தையும் ஒரே பக்கமாகக் கலைக்கவில்லை.

மிருதங்கத்தின் இரண்டு முகங்களும் தோல். தோல் காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடிக்கும். ஈரம் ஏறினால் தளரும், தளர்ந்தால் மெதுவாக அதிரும். சுருதி என்பது ஒரு நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்குதான். ஆகவே மிருதங்கம் இறங்கிவிட்டது. வயலினில் இருப்பது உலோகத் தந்தி. குளிரில் உலோகம் சுருங்கும். இரண்டு முனையும் கட்டியிருப்பதால் சுருங்க இடமில்லாமல் விறைப்பு கூடும். வயலின் ஏறிவிட்டது. புல்லாங்குழலுக்குள் அதிர்வது காற்று. காற்று குளிர்ந்தால் அதில் ஒலியின் வேகம் குறையும், ஒரு டிகிரிக்கு நொடிக்கு 0.6 மீட்டர் வீதம். குழல் இறங்கிவிட்டது. அது மட்டுமா? வாசிக்க வாசிக்க மூச்சுக் காற்றின் சூட்டில் அது மறுபடி ஏறும். உள்ளிருக்கும் காற்று பத்து டிகிரி சூடானால், ஒரு சுரத்தானத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். அனுபவம் உள்ள குழல் வித்வான்கள் மேடை ஏறும் முன் ஓரமாக நின்று ஊதிக் குழலைச் சூடாக்கிக்கொள்வது இதற்காகத்தான்.

மிருதங்கத்துக்குச் சுருதி உண்டு என்பதே ஓர் அதிசயம். சாதாரண முரசு ஒன்றைத் தட்டினால் ‘தொம்’ என்று ஓசை வரும். அது ‘ச’வா ‘ப’வா என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. காரணம் கணக்கில் இருக்கிறது. எந்த வாத்தியத்தின் ஒலியிலும் அடிப்படை அதிர்வோடு சில மேற்சுரங்களும் சேர்ந்தே ஒலிக்கும். தந்தியில் அவை 1, 2, 3, 4 மடங்கு என்று முழு எண்களாக வரும். காது அவற்றை ஒரே சுரமாகச் சேர்த்துக்கொள்ளும். சாதாரணத் தோலில் அவை 1, 1.59, 2.14, 2.30 என்று ஒழுங்கில்லாமல் வரும். காது குழம்பிவிடும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்த்தது ஒரு பிடிச் சோறு. மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலையின் நடுவில் கறுப்பாக வட்டமாக இருக்கிறதே, அதற்குக் கரணை என்று பெயர். சோறு என்றும் சொல்வார்கள், சோறு சேர்த்துத்தான் செய்கிறார்கள் என்பதால். வடித்த சோற்றை நன்றாக மசித்து, இரும்பு கலந்த ஒருவகைக் கருங்கல்லின் பொடியோடு பிசைந்து பசையாக்குவார்கள். அதை ஒரே தடவையில் அப்பிவிட மாட்டார்கள். ஒரு சிட்டிகை எடுத்துத் தோலில் தடவி, வழவழப்பான கல்லால் தேய்தேய் என்று தேய்ப்பார்கள். அது இறுகியதும் மேலே இன்னொரு சிட்டிகை. மறுபடி தேய்ப்பு. நடுவில் கனமாகவும் ஓரத்தில் மெல்லியதாகவும் வரும்வரை அடுக்கிக்கொண்டே போவார்கள். இடையிடையே தட்டிக் கேட்பார்கள். முடிந்த கரணையை உற்றுப் பாருங்கள், வெடித்த வயல்போல நுண்ணிய கோடுகள் ஓடும். அது பழுதில்லை. அந்த வெடிப்புகள் இருப்பதால்தான் கெட்டியான பசை தோலோடு சேர்ந்து வளைந்து அதிர முடிகிறது.

நடுவில் ஏறிய இந்தக் கனம் தோலின் அதிர்வுகளை ஒழுங்குபடுத்திவிடுகிறது. மேற்சுரங்கள் 1, 2, 3, 4, 5 என்று தந்தியைப் போலவே வரிசையில் வந்து நிற்கின்றன. இதை அளந்து உலகத்துக்குச் சொன்னவர் ஒரு காவிரிக்கரைக்காரர். 1888-இல் திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன். அவர் கல்கத்தாவில் ஆய்வு செய்துகொண்டிருந்தபோது, சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரை 1920-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. நோபல் பரிசு கிடைத்ததோ அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து, ஒளிக்காக. எல்லாரும் ஒளியைப் பற்றியே பேசுகிறோம். எனக்கென்னவோ மிருதங்கக் கட்டுரையையும் அதே மரியாதையோடு பாடப் புத்தகத்தில் போட வேண்டும் என்று தோன்றுகிறது.

இடது முகமான தொப்பியில் நிரந்தரக் கரணை கிடையாது. வாசிக்கும் முன் ரவையைத் தண்ணீரில் பிசைந்து நடுவில் ஒட்டுவார்கள். கனம் கூடக்கூட ஒலி தடித்து இறங்கும். ரவை காய்ந்தால் ஒலி கெடும். அதனால்தான் வித்வான்கள் கச்சேரி நடுவே அதில் தண்ணீர் தொட்டுத் தடவுகிறார்கள்.

இத்தனை வாத்தியங்களையும் எப்படி ஒன்று சேர்ப்பது? அதற்கும் காதே கருவி. இரண்டு வயலின்கள், ஒன்று நொடிக்கு 220 தடவையும் மற்றது 222 தடவையும் அதிர்கின்றன என்று வையுங்கள். சேர்ந்து ஒலிக்கும்போது ‘வ்வா… வ்வா…’ என்று நொடிக்கு இரண்டு தடவை சத்தம் பெருத்துச் சிறுக்கும். இதுதான் விம்மல். பிருடையைத் திருகத் திருக விம்மல் மெதுவாகி, கடைசியில் நின்றுவிடும். நின்றால் சுருதி சேர்ந்தது.

வீடு திரும்பும்போது மணி ஒன்பது. அறுவடை முடிந்த வயல்களுக்கு நடுவே பைபாஸ் சாலை. பள்ளியிலிருந்து நெடுந்தூரம் வந்த பிறகும் ஒலிபெருக்கியில் பரிசு வாங்குகிறவர்களின் பெயர்கள் கேட்டன. பகலில் இவ்வளவு தூரம் கேட்காது. ராத்திரி ஊர் அடங்கிவிடுவது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. பொழுது சாய்ந்ததும் தரை வேகமாகக் குளிர, அதை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. மேலே இருப்பது இன்னும் வெதுவெதுப்பு. கைகோத்து வரிசையாக நடக்கும் பிள்ளைகளில் ஒரு கோடியில் இருப்பவர்கள் சேற்றில் இறங்கினால் வரிசை முழுதும் அந்தப் பக்கம் திரும்பும் அல்லவா? அதுபோலக் கீழே மெதுவாகவும் மேலே வேகமாகவும் போகும் ஒலி தரையை நோக்கி வளைகிறது. வானத்துக்குப் போயிருக்க வேண்டிய சத்தம் நம் காதுக்கே திரும்பி வருகிறது. டெல்டாவில் குறுக்கே மலையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கும்பகோணம் பக்கம் கிளம்பினோம். அதைத் தாண்டி மயிலாடுதுறை சாலையில் இருக்கிறது நரசிங்கம்பேட்டை. நாகசுரம் செய்வதற்கென்றே பெயர் பெற்ற ஊர். 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இங்கே நாகசுரம் கடைவது ஆச்சா மரத்தில். அதுவும் புதிதாக வெட்டிய மரம் ஆகாது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் உத்திரங்களையும் தூண்களையும் தேடி வாங்குகிறார்கள். நேற்றைய மிருதங்கத்துக்கு வந்த அதே சங்கடம்தான் இங்கும். பச்சை மரத்தில் ஈரம் இருக்கும். அது காயக்காய மரம் சுருங்கி வளையும், கடைந்த துளையும் கூடவே மாறிவிடும். பல்லாண்டுக் காலம் கூரையைத் தாங்கிய மரம் சுருங்க வேண்டியதை எல்லாம் சுருங்கி முடித்திருக்கும்.

நாகசுரத்தில் குட்டையான திமிரி, நீளமான பாரி என இரண்டு வகை. நீளம் கூடினால் உள்ளே அதிரும் காற்றுத் தூணும் நீளும், சுருதி இறங்கும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை புகழ்பெறச் செய்த கம்பீரமான நாதம் பாரியினுடையது. அவருக்காக அதைச் செய்து கொடுத்தவர் இந்த ஊர் ரங்கநாதன் ஆசாரி.

திரும்பும் வழியில் தாராசுரம். ஐராவதேசுவரர் கோயிலின் பலிபீடத்தருகே இருக்கும் கல் படிகளைத் தட்டினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஒலி தரும். இப்போது கம்பிக் கதவு போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். எங்கள் வீட்டு வயலின்காரிக்குக் கோபம். எனக்கு அது சரி என்றே பட்டது. வருகிறவர்கள் எல்லாம் தட்டிப் பார்த்தால் கல்லும் தேயும்.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் பள்ளியிலோ தெருவிலோ மிருதங்கம் வாசிக்கிறவர் இருந்தால், அவர் அனுமதியோடு விடியற்காலை, நடுப்பகல், இரவு மூன்று வேளையும் வலந்தலையைத் தட்டச் சொல்லிக் கேளுங்கள். செல்பேசியில் சுருதி காட்டும் செயலி இருந்தால் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைய வெப்பநிலையையும் காற்றின் ஈரப்பதத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு வாரம் செய்துவிட்டு அட்டவணையை எங்களுக்கு அனுப்புங்கள். சுருதியை அதிகம் மாற்றுவது சூடா, ஈரமா என்று நீங்களே கண்டுபிடித்து எழுத வேண்டும்.